மூன்று வருடப் பட்டம் உண்மையில் எத்தனை வருடம்?

கேள்வி கேட்டவர் ரெட்டிச்சாவடிக்காரர். அண்ணன் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கடலூரில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கிடைக்கும் போலிருக்கிறது, புதுச்சேரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியும் இடம் தருகிறது. இரண்டு இடத்திலும் 90 சதவீதத் தேர்ச்சி என்கிறார்களாம். "ஆனால் எங்கள் தெருவிலேயே மூன்று வருடப் படிப்புக்குப் போன இரண்டு பையன்கள் ஐந்து வருடமாகியும் டிகிரி வாங்கவில்லை. உண்மையில் எத்தனை பேர் முடிக்கிறார்கள், அதை எப்படித் தெரிந்துகொள்வது? புதுச்சேரியில் நாலு வருடமாமே, அது வேறா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தியதோடு தேர்வுப் பிரிவிலும், கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் நாக் குழுவுக்கு அறிக்கை தயாரிக்கும் வேலையிலும் இருந்தவன். அந்தத் தொண்ணூறு எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த எண் பொய் இல்லை. வகுக்கும்போது கீழே எதைப் போடுகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். நாக் கேட்பது, இறுதியாண்டுத் தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று. முதல் வருடமே நின்றுபோனவர் இறுதியாண்டுத் தேர்வுக்கு வருவதே இல்லை, ஆகவே அவர் அந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். இது கணக்குப் புரிவதற்காக நான் போட்ட எண்தான், எந்தக் கல்லூரியின் எண்ணும் இல்லை. ஜூலையில் 60 பேர் சேர்கிறார்கள். அக்டோபருக்குள் 6 பேர் பொறியியல், நர்சிங் என்று டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். இன்னொரு 9 பேர் முதல் வருடத்திலோ இரண்டாம் வருடத் தொடக்கத்திலோ சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். இறுதியாண்டில் 45 பேர். அதில் வருகை குறைந்தவர்கள், கட்டணம் கட்டாதவர்கள் போக 40 பேர் ஹால் டிக்கெட் வாங்குகிறார்கள். 36 பேர் அந்த செமஸ்டர் தாள்களில் தேறுகிறார்கள். 36-ஐ 40-ஆல் வகுத்தால் தொண்ணூறு சதவீதம். கல்லூரி வாசலில் பேனர் வைக்கலாம்.

ஆனால் அந்த 36 பேரில் 6 பேருக்கு முதல் வருடத்து அரியர் ஒன்றோ இரண்டோ பாக்கி இருக்கிறது. அவர்கள் கடைசி செமஸ்டரில் தேறியவர்கள், பட்டம் பெற்றவர்கள் இல்லை. மூன்று வருடத்தில் பட்டத்தைக் கையில் வாங்கத் தகுதி பெற்றது 30 பேர். சேர்ந்த 60 பேரை வைத்துப் பார்த்தால் 50 சதவீதம். வேறு படிப்புக்குப் போன 6 பேரை நியாயமாகக் கழித்துவிட்டால் 54 பேரில் 30, அதாவது 56 சதவீதம். அரியர் வைத்திருந்தவர்களில் 11 பேர் அடுத்த இரண்டு வருடத்தில் எழுதி முடித்தால் ஐந்து வருடக் கணக்கில் 41 பேர், 76 சதவீதம். ஒரே வகுப்பு, நாலு விதமான சதவீதக் கணக்கு, நாலும் உண்மை. ஐந்து வருடமாகியும் முடிக்காத உங்கள் தெருப் பையன்கள் இருவரும் இந்த 76-க்கும் வெளியே நிற்கிறார்கள்.

அதனால் கல்லூரியில் போய் "எத்தனை சதவீதம் பாஸ்?" என்று கேட்காதீர்கள். "மூன்று வருடத்துக்கு முன்னால் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இந்த ஏப்ரலில் எல்லாத் தாளும் முடித்தார்கள்?" என்று கேளுங்கள். வாய்வழியாகப் பதில் வராது, வந்தாலும் சுற்றி வளைத்துத்தான் வரும். நல்லவேளையாக, எழுத்தில் ஒரு இடத்தில் கிடைக்கும். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் தங்கள் விவரங்களைச் சமர்ப்பித்து, அதே கோப்பைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். கல்லூரிகளுக்கென்று முதல் பட்டியல் வந்தது 2017-ல். அந்தக் கோப்பில் மூன்று வருட இளநிலைப் படிப்புக்கென்று ஒரு அட்டவணை இருக்கும்: அந்த வருடம் அனுமதிக்கப்பட்ட இடங்கள், உண்மையில் சேர்ந்தவர்கள், குறித்த காலத்திலேயே பட்டம் முடித்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள். சேர்ந்தவர்கள், குறித்த காலத்தில் முடித்தவர்கள் என்ற இரண்டு கட்டங்களை மட்டும் எடுத்து வகுத்துப் பாருங்கள். கல்லூரி முழுவதற்குமான எண்தான் கிடைக்கும், துறை வாரியாக இருக்காது. இருந்தாலும் பேனரைவிட எவ்வளவோ மேல். தரவரிசை கணக்கிடும்போது என்ஐஆர்எஃப் வைத்திருக்கும் அளவுகோலையும் தெரிந்துகொள்ளுங்கள்: குறித்த காலத்தில் 80 சதவீதம் பேர் முடித்தால் அந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண். அதாவது நன்றாக நடக்கும் இடத்திலும் ஐந்தில் ஒருவர் பிந்தலாம் என்று அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு கல்லூரி அந்தக் கோப்பையே போடவில்லை என்றால்? விண்ணப்பிக்காமல் இருப்பது குற்றமில்லை, சின்னக் கல்லூரிகள் பல விண்ணப்பிப்பதில்லை. அப்போது துறைக்கே நேராகப் போங்கள். மூன்றாம் ஆண்டு வருகைப் பதிவேட்டில் எத்தனை பெயர் இருக்கிறது, அந்தத் துறைக்கு அனுமதித்த இடம் எத்தனை என்று கேளுங்கள். துறைத் தலைவர் பெரும்பாலும் ஒளிக்காமல் சொல்வார். அவர்களுக்கும் இது வயிற்றெரிச்சல்தான்.

இங்கே இன்னொரு எண்ணையும் சொல்லிவிடுகிறேன், அடிக்கடி மேடைகளில் கேட்டிருப்பீர்கள். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்தியாவுக்கு 28.4, தமிழ்நாட்டுக்கு 47, புதுச்சேரிக்கு 61.5. பெருமைப்பட வேண்டிய எண்கள்தான். ஆனால் இது 18 முதல் 23 வயது மக்கள்தொகையோடு கல்லூரியில் பெயர் இருப்பவர்களை ஒப்பிடும் கணக்கு. உள்ளே போனவர்களை எண்ணுகிறது, வெளியே பட்டத்தோடு வந்தவர்களை எண்ணவில்லை. புதுச்சேரிக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் தினமும் எல்லை தாண்டிப் போய்ப் படிப்பவர்கள் மேலே உள்ள எண்ணில் சேர்வார்கள், கீழே உள்ள மக்கள்தொகையில் சேரமாட்டார்கள். உங்கள் அண்ணன் மகள் அங்கே சேர்ந்தால் புதுச்சேரியின் விகிதம் ஒரு துளி ஏறும்.

சரி, ஏன் நிற்கிறார்கள், ஏன் பிந்துகிறார்கள்? இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. விட்டுப் போவது ஒன்று, தேங்குவது இன்னொன்று. விட்டுப் போவதிலும் எல்லாம் இழப்பு இல்லை.

கலைக் கல்லூரியில் ஜூன், ஜூலையில் சேர்ந்துவிட்டு, பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்ததும் போகிறவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரியில் அரசுச் சேர்க்கைக் குழுவான சென்டாக்கின் கலந்தாய்வுச் சுற்றுகள் நீண்டுகொண்டே போகும், நீட் வழிச் சேர்க்கை தள்ளிப்போனால் அக்டோபர்வரைகூட ஆள் நகர்ந்துகொண்டிருக்கும். அப்புறம் காவலர் தேர்வில் தேறிப் போகிறவர்கள். இரண்டாம் நிலைக் காவலருக்கும் குரூப் 4-க்கும் பத்தாம் வகுப்பே போதும். கல்லூரியில் இருந்துகொண்டே அதற்குப் படித்து, இரண்டாம் வருடத்தில் ஆணை வந்ததும் போய்விடும் பையன்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. கல்லூரிக் கணக்கில் அவர் இடைநின்றவர், வீட்டுக் கணக்கில் சம்பாதிக்கிற பிள்ளை. யாரும் அழப்போவதில்லை. ஆனால் அவர் விட்டுப் போன இடம் மூன்று வருடமும் காலியாகவே கிடக்கும், அதற்காக வெளியே காத்திருந்த ஒரு பெண்ணுக்கு அது கிடைக்காமல் போயிருக்கும். அந்த இழப்பை எந்த அறிக்கையிலும் பார்க்க முடியாது.

உண்மையான இழப்பு, சத்தமில்லாமல் நிற்பவர்கள். நான் பார்த்தவரை இதில் பெரும்பகுதி முதல் செமஸ்டருக்கும் இரண்டாம் செமஸ்டருக்கும் நடுவிலேயே நடந்துவிடுகிறது. நாம் பேசுவதெல்லாம் இறுதியாண்டைப் பற்றி. வேலைவாய்ப்பு முகாம், நேர்முகப் பயிற்சி, பட்டமளிப்பு விழா, எல்லாம் மூன்றாம் வருடத்தில். முதல் வருடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்த பெண், பி.எஸ்சி.யில் ஆங்கிலவழிப் பிரிவில் உட்காருகிறாள். முதல் மாதம் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுகிறாள். முதல் இன்டர்னல் தேர்வில் இருபத்தைந்துக்கு ஏழு, எட்டு. யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. வீட்டிலும் சொல்லமாட்டாள், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவளிடம் கேட்பதற்கு வீட்டில் யாருக்கும் என்ன கேட்பது என்றே தெரியாது. நவம்பர்த் தேர்வில் மூன்று தாள் போய்விடும். பொங்கலுக்குப் போனவள் திரும்பி வருவதில்லை. கல்லூரி ஆவணத்தில் மார்ச்வரை அவள் பெயர் இருக்கும், வருகையில் சுழி மட்டும் விழும்.

பையன்களுக்கு வேறு கதை. சிப்காட்டில் ஒப்பந்த வேலை, கேட்டரிங், மொபைல் கடை, பண்ருட்டிப் பக்கம் என்றால் முந்திரி, பலா சீசன் வேலை. மதிய ஷிஃப்டில் படிக்கும் பையன் காலையில் வேலைக்குப் போவது சகஜம், அது தப்பும் இல்லை. வேலை மெல்ல மெல்ல மதியத்தையும் தின்றுவிடும்போதுதான் சிக்கல். கடலோரக் குப்பங்களில் நாட்காட்டியே வேறு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பிய வீட்டில் வருமானம் நிற்கும் அந்த இரண்டு மாதத்துக்குள்ளேதான் செமஸ்டர் தேர்வும் முடிகிறது, அடுத்த வருடக் கட்டணமும் கண்ணில் தெரிகிறது. தேவனாம்பட்டினத்தில் அரசுக் கல்லூரியும் மீனவர் ஊரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கல்லூரி அலுவலகம் கட்டணத் தேதியை வைக்கும்போது கடலைப் பார்த்து வைத்தால் என்ன என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

வருகைக் குறைவைப் பற்றி ஒரு வார்த்தை. பொதுவான விதி 75 சதவீதம். அதற்குக் கொஞ்சம் கீழே என்றால் கண்டோனேஷன், அதாவது குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கட்டணம், கட்டி எழுதலாம். இன்னும் கீழே போனால் அந்தத் தேர்வு எழுத முடியாது, மிகவும் குறைந்தால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். மூன்று வருடம் நாலு வருடமாக மாறுவதில் இந்தக் கடைசி நிலைதான் மோசமானது. ஏனென்றால் அரியர் எழுதுபவர் வீட்டிலிருந்தே எழுதலாம், செமஸ்டர் திரும்பப் படிக்க வேண்டியவர் தன் ஜூனியர்களோடு உட்கார வேண்டும். அந்த வெட்கத்திலேயே பாதிப் பேர் வரமாட்டார்கள்.

இனி தேங்குவது. நம் கலைக் கல்லூரிகளில் எத்தனை அரியர் இருந்தாலும் பொதுவாக அடுத்த வருடம் போய்விடலாம், வருடத்தை நிறுத்துவதில்லை. இதனால் யாரும் வருடத்தை இழப்பதில்லை என்பது நல்ல பக்கம். கடன் மாதிரி அது பின்னாலேயே வந்து ஆறாம் செமஸ்டரில் மொத்தமாக நிற்கும் என்பது கெட்ட பக்கம். புதுத் தாள்கள் ஐந்து, பழைய தாள்கள் மூன்று என்று எட்டுத் தாள் எழுதுகிறவர் எதை ஒழுங்காகப் படிப்பார்?

எந்தத் தாள்கள் தேங்குகின்றன என்பதுதான் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பெரும்பாலும் மேஜர் எனும் முதன்மைப் பாடம் இல்லை. பார்ட் டூ ஆங்கிலம், இயற்பியல்காரருக்கு அலைடு (துணைப்பாடம்) கணிதம், வணிகவியல்காரருக்குப் புள்ளியியல், கணிதம் படிப்பவருக்குப் புரோகிராமிங் அல்லது அலைடு இயற்பியல். தான் விரும்பி எடுத்த பாடத்தில் முட்டி மோதித் தேறிவிடுகிறார்கள், பக்கத்துத் துறை ஆசிரியர் வந்து நடத்திவிட்டுப் போகும் பாடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தத் தாளுக்குச் சொந்தத் துறையும் பொறுப்பேற்காது, வந்து நடத்தும் துறையும் பொறுப்பேற்காது. ஒரு கல்லூரி தன் பட்டக் காலத்தைக் குறைக்க உண்மையாகவே நினைத்தால், ஒவ்வொரு தாளுக்கும் தோல்வி எண்ணிக்கையை எடுத்து, மேலே இருக்கும் மூன்று தாளை மட்டும் சரிசெய்தால் போதும் என்பது என் தீர்மானமான கருத்து. ஊக்கமூட்டும் உரைக்கு ஆள் கூப்பிடுவதைவிட இது மலிவு.

இந்தப் பக்கத்துக்கே உரிய இன்னொன்று, மழை. ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வு விழுவது நவம்பர், டிசம்பரில். வடகிழக்குப் பருவமழையும் புயலும் அதே மாதங்களில். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல், 2015-ல் வெள்ளம், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை பெருக்கெடுத்தது. தேர்வு தள்ளிப்போகும். விடைத்தாள் திருத்துவது தள்ளிப்போகும். முடிவு பிப்ரவரி வரைக்கும் இழுத்தால், ஏப்ரல் தேர்வுக்குக் கட்டணம் கட்டக் கொஞ்ச நாளே இருக்கும். மறுமதிப்பீட்டுக்குப் போட்டவர், அதன் முடிவு வருவதற்குள் அரியர்க் கட்டணமும் கட்ட வேண்டிவரும். கட்டாமல் நம்பி இருந்தவர் ஒரு வாய்ப்பை இழப்பார். நான் எப்போதும் சொல்வது: மறுமதிப்பீடு போட்டாலும் அரியர்க் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். சில நூறு ரூபாய் போனால் போகட்டும்.

ஒரே ஒரு அரியர்தானே, ஆறு மாதத்தில் எழுதிவிடலாம் என்று நினைப்பவர்கள் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. ஆறாம் செமஸ்டரில் ஒரு தாள் போனது, நவம்பரில் எழுதினார், பிப்ரவரியில் தேறினார் என்று வையுங்கள். எம்.எஸ்சி., பி.எட். சேர்க்கை முந்தைய வருடமே முடிந்திருக்கும், அடுத்தது ஜூனில்தான். டிஎன்பிஎஸ்சி குரூப் 2 அறிவிக்கை இடையில் வந்திருந்தால் அறிவிக்கை தேதியில் பட்டத் தகுதி இருந்திருக்க வேண்டும், இல்லை. ஆக ஒரு தாளின் விலை ஆறு மாதம் இல்லை, ஒரு வருடம். இதைத் தெரிந்துதான் சில பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் இறுதியாண்டில் ஒரு தாள் மட்டும் போனவர்களுக்கு முடிவு வந்த கையோடு உடனடித் துணைத்தேர்வு வைக்கின்றன. நீங்கள் பார்க்கும் கல்லூரியில் அது உண்டா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். கட்டடம் எத்தனை மாடி என்பதைவிட இது முக்கியம்.

உங்கள் தெருப் பையன்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காலம் எல்லையில்லாமல் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2015-ல் சொன்ன பொது வரையறை, படிப்புக் காலம் கழிந்து இரண்டு வருடம், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னும் ஒரு வருடம். மூன்று வருடப் படிப்பென்றால் ஐந்து, மிஞ்சினால் ஆறு. பொறியியலுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நாலு வருடப் படிப்புக்கு ஏழு வருடம் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் பழைய அரியர்காரர்களுக்கு அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு கொடுப்பது உண்டு என்பதால் பலர் "எப்போதாவது விடுவார்கள்" என்று இருந்துவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையில் இருக்காதீர்கள் என்று சொல்லுங்கள். பாடத்திட்டம் மாறிவிட்டால் பழைய தாளுக்கு இணையான புதுத் தாளைத் தேடி எழுத வேண்டியிருக்கும், அது இன்னும் கஷ்டம். கடலூர் மாவட்டத்தில் கூடுதலாக ஒரு குழப்பம் இருக்கிறது. இங்குள்ள கலைக் கல்லூரிகள் முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன, 2021-க்குப் பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. பழைய அரியர் வைத்திருப்பவர் தன் மார்க் ஷீட்டின் தலையில் எந்தப் பெயர் இருக்கிறது என்று முதலில் பார்க்கட்டும். தவறான வாசலில் போய் நின்று அலைந்தவர்கள் உண்டு.

புதுச்சேரியின் நாலு வருடம். அங்குள்ள கல்லூரிகள் காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருக்கின்றன. மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் தேசியக் கல்விக் கொள்கையின் அமைப்பை 2023-24 சேர்க்கையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். தமிழ்நாடு அதை ஏற்கவில்லை, இங்கே பழையபடி மூன்று வருடம். அந்த அமைப்பில் முடிக்கும் பாடங்களுக்குக் கிரெடிட் என்று அலகு போட்டுக் கணக்கு வைப்பார்கள்; 120 கிரெடிட்டோடு மூன்று வருடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். நாலாம் வருடம் இருந்து 160 முடித்தால் ஆனர்ஸ். எனவே "அங்கே நாலு வருடம் கட்டாயம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் வருட முடிவில் 40 கிரெடிட்டும் கோடையில் ஒரு நாலு கிரெடிட் தொழிற்பயிற்சியும் இருந்தால் சான்றிதழ், இரண்டாம் வருட முடிவில் 80-உடன் அதேபோல் டிப்ளமோ. வெளியே போனவர் மூன்று வருடத்துக்குள் திரும்பச் சேரலாம், மொத்தம் ஏழு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். சேர்த்த கிரெடிட்டெல்லாம் ஏபிசி எனும் கிரெடிட் வங்கியில் அவர் பெயரில் இருக்கும்.

காகிதத்தில் பார்த்தால் நல்ல ஏற்பாடு. பிரசவத்துக்காகவோ வீட்டுக் கஷ்டத்துக்காகவோ நிறுத்தியவள், செய்தது வீணாகாமல் திரும்பி வரலாம். எனக்குச் சந்தேகம் அந்த ஒரு வருடச் சான்றிதழ் மேல்தான். அதை வைத்து எந்தக் கம்பெனி, எந்த அரசு அலுவலகம் வேலை கொடுக்கும்? வீட்டில் "ஒரு வருடம் படித்துவிட்டாள், சான்றிதழும் வந்துவிட்டது, போதும்" என்று சொல்வதற்கு அது ஒரு சாக்காக ஆகிவிடக் கூடாது. கல்லூரிக்கும் வசதி, இடைநின்றவர் என்று எழுத வேண்டியவரைச் சான்றிதழ் பெற்று வெளியேறியவர் என்று எழுதிவிடலாம். இதோடு, படிப்பை நிதானமாக நீட்டிப் படிக்கும் முறைக்கும், வேகமாக முடிக்கும் முறைக்கும் யுஜிசி 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. நீட்டிப்பவர் செமஸ்டருக்குக் குறைந்த கிரெடிட் எடுத்து அதிகபட்சம் இரண்டு செமஸ்டர் கூடுதலாகப் படிக்கலாம். வேலை செய்துகொண்டே படிக்கும் பையனுக்கு அரியர் சேர்த்துக்கொண்டு தேங்குவதைவிட இது மரியாதையான வழி. ஆனால் கல்லூரி அதை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும், விசாரித்துப் பாருங்கள்.

வெளிநாட்டில் எல்லோரும் நேரத்துக்கு முடிக்கிறார்கள் என்ற நினைப்பு வேண்டாம். அமெரிக்காவில் நாலு வருடப் பட்டத்துக்கு அரசே ஆறு வருடம் வைத்துத்தான் கணக்கெடுக்கிறது. 2014-ல் சேர்ந்த முழுநேர மாணவர்களில் ஆறு வருடத்துக்குள் அதே கல்லூரியில் முடித்தவர்கள் 64 சதவீதம். அவர்களிடம் நான் பொறாமைப்படுவது அந்த எண்ணைப் பார்த்து இல்லை. சேர்ந்த நாளிலிருந்து ஒரு குழுவைப் பின்தொடர்ந்து எண்ணுவதும், முதல் வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வருடம் திரும்பி வந்தார்கள் என்பதைத் தனியாக வெளியிடுவதும்தான். அதில் கீழே போடும் எண் நகராது.

அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று, நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ல் தன் இரண்டு வருடக் கல்லூரிகளில் தொடங்கிய திட்டம். ஏழை மாணவர்களுக்குக் கட்டணத்தில் விழும் துண்டை அடைத்தார்கள், புத்தகச் செலவைப் பார்த்துக்கொண்டார்கள், போக்குவரத்துக்கு இலவச மெட்ரோ அட்டை கொடுத்தார்கள், அடிக்கடி கூப்பிட்டுப் பேச ஒரு ஆலோசகரைப் போட்டார்கள். பதிலுக்கு முழுநேரம் படிக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். குலுக்கல் முறையில் பிரித்து ஆய்வு செய்தபோது, மூன்று வருடத்தில் முடித்தவர்கள் இதில் இல்லாதவர்களில் 22 சதவீதம், இதில் இருந்தவர்களில் 40 சதவீதம். ஆளுக்கு ஆன செலவு கூடியது, ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்தது. இதில் பாதி நம்மிடம் ஏற்கெனவே துண்டு துண்டாக இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குப் படிப்பு முடியும்வரை மாதம் ஆயிரம் ரூபாய், 2024 ஆகஸ்டிலிருந்து பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். இல்லாதது அந்த ஆலோசகர்தான். முதல் இன்டர்னலில் ஏழு மார்க் வாங்கியவளை அந்த வாரமே கூப்பிட்டு "என்னம்மா, எங்கே தடுக்குது?" என்று கேட்கும் ஒரு ஆள். ஒரு ஆசிரியரின் பொறுப்பில் சில மாணவர்களை விடும் டியூட்டர்-வார்டு முறை எல்லாக் கல்லூரியிலும் ஏட்டில் இருக்கிறது. ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளை, கடைசியாக எப்போது சந்தித்தார்கள் என்று கேட்டால் ஏடு மூடிக்கொள்ளும்.

உங்கள் அண்ணன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கல்லூரியின் என்ஐஆர்எஃப் எண்ணும் கிடைத்து, பெரிய வித்தியாசம் இருந்தால் அதன்படி போங்கள். வித்தியாசம் அதிகமில்லை என்றால் நான் கடலூர் அரசுக் கல்லூரியைத்தான் சொல்வேன். கட்டணம் குறைவு என்பதால் பணத்துக்காக நடுவில் நிறுத்த வேண்டிய ஆபத்து குறைவு. நகரப் பேருந்து வசதியும் உண்டு. அவள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் அந்த மாத ஆயிரம் புதுச்சேரிக் கல்லூரியில் சேர்ந்தால் கிடைக்குமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தெளிவாகக் கேட்டுவிடுங்கள். புதுச்சேரியைத் தேர்ந்தெடுக்க ஒரு நல்ல காரணம் இருக்கிறது: அவளுக்கு ஆராய்ச்சி வரைக்கும் போகும் எண்ணம் இருந்தால் நாலாம் வருட ஆனர்ஸ் அங்கே கைகொடுக்கும். அது இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை என்றாலும், மூன்றாம் வருடம் கடலூரிலிருந்து அங்கே மாறிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு பாடத்திட்டமும் கிரெடிட் கணக்கும் பொருந்துவது சுலபமில்லை.

எங்கே சேர்ந்தாலும் முதல் செமஸ்டரில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் முதல் இன்டர்னல் மார்க் வந்ததும் கேட்டு வாங்கிப் பாருங்கள், திட்டுவதற்காக இல்லை. ஆங்கிலமோ அலைடு பாடமோ குறைந்திருந்தால் அப்போதே ட்யூஷனுக்கோ சீனியரிடமோ அனுப்புங்கள். 100-க்கு 40 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எழுத்துத் தேர்வில் 75-க்கு 30-ஆவது எடுத்தாக வேண்டும் என்பதுதான் இங்கே பரவலாக இருக்கும் விதி. இன்டர்னல் 25-க்கு 5 என்று போய்விட்டால் எழுத்தில் 35 தேவைப்படும், அந்த ஐந்து மார்க்கை வருடங்கள் கழித்து அரியர் எழுதும்போதும் மாற்ற முடியாது. ஏதோ காரணத்தால் அவள் நிறுத்தத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் அப்படியே போகாமல் இருந்துவிட வேண்டாம், டி.சி.யும் வாங்க வேண்டாம். துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்து, திரும்பச் சேரும் அனுமதிக்கு வழி இருக்கும்படி விட்டு வாருங்கள். டி.சி. வாங்கிய பிறகு அதே வகுப்பில் திரும்ப உட்காருவதற்கு அலைய வேண்டிய அலைச்சலில்தான் பலர் படிப்பையே கைவிடுகிறார்கள்.